வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறைக்கு பேனா நண்பர்கள்

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 28 பிள்ளைகள். வேறு ஊர்ப் பிள்ளைகளோடு கடிதம் எழுதிப் பழகவைக்க ஆசை. இதற்கென்று அமைப்புகள் இருக்கின்றனவா?
– ஓர் ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்: இருக்கின்றன. ஆனால் பலரும் முதலில் சொல்லும் பெயர்கள் உங்களுக்கு உதவாது. உலகெங்கும் உள்ளவர்கள் அஞ்சலட்டை அனுப்பிக்கொள்ளும் போஸ்ட்கிராஸிங் 2005-ல் போர்ச்சுகலில் தொடங்கியது. அதில் நீங்கள் எழுதும் ஆள் உங்களுக்குத் திருப்பி எழுத மாட்டார். வேறெங்கோ இருக்கும் இன்னொருவர் எழுதுவார். வரும் அட்டைகளைச் சுவரில் உலக வரைபடத்தைச் சுற்றி ஒட்டலாம், அழகாக இருக்கும், நட்பு வளராது. சர்வதேச அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் 9–15 வயதினருக்கு நடத்துவது கடிதப் போட்டி. பரிசு வரலாம், பதில் வராது. 1988-ல் தொடங்கிய ஐ-ஏர்ன் (iEARN) என்ற பன்னாட்டு அமைப்பு பள்ளிகளை இணைத்துவிடும் என்றாலும், அங்கே வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில், கணினி வழியாக.

ஐந்தாம் வகுப்புக்கு நான் சொல்வது, தமிழில் எழுதும் இன்னொரு வகுப்பு. உங்களோடு ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் கடற்கரை மாவட்டத்தில் யாராவது இருப்பார்கள், கேளுங்கள். கம்பம் திராட்சையைப் பற்றி உங்கள் பிள்ளை எழுத, மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அப்பாவின் விசைப்படகு ஏன் கரையில் நிற்கிறது என்று நாகப்பட்டினத்துப் பிள்ளை எழுதும். வெளிநாடுதான் வேண்டுமென்றால் மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே கல்வியாண்டு நம்மைப்போல் ஜூனில் தொடங்காது, விடுமுறைத் தேதிகளை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வாங்கிய பிறகே தொடங்குங்கள். முகவரி பள்ளியுடையது மட்டும். வீட்டு முகவரி, போன் நம்பர் எதுவும் கடிதத்தில் இருக்கக்கூடாது; உறையை ஒட்டுமுன் 28-ஐயும் நீங்களே படித்துவிடுங்கள்.

அந்த வகுப்பில் 23 பேர்தான் என்றால் அவர்களில் ஐந்து பிள்ளைகள் இரண்டு கடிதம் எழுத வேண்டிவரும். எழுத விருப்பமுள்ளவர்களையே அந்த ஆசிரியர் தேர்ந்தெடுக்கட்டும். பெயர், வரிசை எண், யாருக்கு யார் என்ற பட்டியல் இருவரிடமும் இருக்கட்டும். அன்றைக்கு லீவு போட்ட பிள்ளையை விட்டுவிட்டு அனுப்பாதீர்கள். கடிதக் கட்டைப் பிரிக்கும்போது அங்கே ஒரு பிள்ளை மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதிப் போட்டால் 'நான் நலம், நீ நலமா?' என்று 28 நகல்கள் கிடைக்கும். அதற்குப் பதில் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த வாரம் கண்ணால் பார்த்த ஒன்று, ஒரு படம், 'ஆமாம், இல்லை' என்று முடிக்க முடியாத ஒரு கேள்வி. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் எதிர்ப்பக்கப் பிள்ளைக்கு எழுத ஒன்றும் இருக்காது.

சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 28 தாள் 140 கிராம், உறை தனி. பாதித் தாளில் எழுதவைத்தால் எடை பாதியாகும். இந்த வயதுக்கு அந்த இடம் போதும். எல்லாம் ஒரே உறையில் போகட்டும், தபால் நிலையத்தில் எடை போட்டே தபால்தலை ஒட்டுங்கள். குறைந்தால், குறைந்த தொகையைப்போல் இரு மடங்கை அந்த ஆசிரியர் கையிலிருந்து கட்டும்படி ஆகும்.

முதல் கடிதம் ஜூலை இரண்டாம் வாரம். ஜூனில் சேர்க்கையே முடிந்திருக்காது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களைத் தவிர்த்தால் ஆண்டுக்கு நான்கு சுற்று போகும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: ஒரு முறை கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள்.
– ஆசிரியர், கரூர்

பதில்: பெரும்பாலும் தபால் தொலைந்திருக்காது. அந்த ஆசிரியர் மாறுதலில் போயிருப்பார், அல்லது கடிதக் கட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கும். மூன்று வாரம் தாண்டியதும் போன் செய்யுங்கள். மாறிப் போயிருந்தால் புதியவரிடம் பட்டியலைக் கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு தொடங்கும்போது அந்தப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களின் எண்ணை வாங்கி வையுங்கள். கடிதம் வரும் தேதியைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தபால்காரர் மணி அடிக்கும்போது தெரிந்தால் போதும்.