62 வயது மாணவரும் குதிரை நிலையும்

வணக்கம். உங்கள் கராத்தே வகுப்பில் புதிதாகச் சேர்ந்த 62 வயது மாணவருக்கு, கால்களை அகல வைத்து முழங்கால்களை மடக்கித் தாழ நிற்கும் குதிரை நிலையில் நீண்ட நேரம் நின்றால் முழங்கால் வலிக்கிறது என்றும், அவருக்காக நிலையை உயர்த்தினால் மரபைத் தளர்த்தியதாகிவிடுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் கருத்து. முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடங்குவதையும், முதுகு நிமிர்ந்திருப்பதையும், எடை இரு கால்களிலும் சமமாக இறங்குவதையும் உயரமான நிலையிலும் குறைவின்றிக் கற்பிக்கலாம்.

இரண்டு நிமிடம் அசையாமல் நிறுத்துவதற்குப் பதிலாக, பத்து நொடி நின்று, எழுந்து இளைப்பாறி, மீண்டும் நிற்கச் சொல்லுங்கள். தசைகள் சில வாரங்களில் வலுப்பெற்றாலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவற்றைவிட மெதுவாகவே பழகும் என்பதால், "இப்போது எளிதாக இருக்கிறது" என்று அவரே சொன்னாலும் உடனே ஆழத்தைக் கூட்டாதீர்கள். ஆர்வம் மிகுந்த மாணவரிடம்தான் இந்தத் தவறு எளிதில் நேரும். முழங்கால் வீங்கினாலோ, வலி மறுநாளும் நீடித்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே தொடரட்டும்.

உதையை இடுப்புக்குக் கீழேயே வைத்து, தொடக்கத்தில் சுவரைப் பற்றிக்கொள்ளச் சொல்லி, உதைக்கும் காலைவிட ஊன்றிய காலின் உறுதியைக் கவனியுங்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சமநிலையும் வலுவும் வளர்க்கும் பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது; மெதுவாகச் செய்யும் கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர், இதற்கு நன்கு பொருந்தும்.

வகுப்பு முழுவதும் ஒரே எண்ணிக்கைக்கு அசையும்போது அவரை ஓரமாக ஒதுக்காமல், அதே வரிசையில் நிறுத்தி, இரண்டு எண்ணுக்கு ஓர் அசைவு செய்ய அனுமதியுங்கள்.