ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) கார்டியாலஜி ஒப்பீனியன் (இதயப் பிரிவு மருத்துவரின் கருத்து) கேட்டால் திட்டுகிறார்கள். எப்படிக் கேட்பது?

இரவுப் பணியில் கையில் ஈசிஜி தாளை வைத்துக்கொண்டு, போன் செய்யலாமா வேண்டாமா என்று தவித்துத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். தயங்காமல் செய்யுங்கள். ஈசிஜியில் என்ன இருக்கிறது, கார்டியாலஜி டாக்டர் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு அவசரம் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓர் அரசு மருத்துவமனையின் சர்ஜரி வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். அதிகாலை இரண்டரை மணி. சர்க்கரை நோயால் புண் முற்றி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து ஆறு நாளான பெரியவர், "வயிற்றைப் பிசைகிறதும்மா" என்றார். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தலையணை உறை வியர்வையில் ஊறிக் கிடந்தது. ஈசிஜி எடுத்தால் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி என்ற கோடு மேலே ஏறியிருந்தது. மாரடைப்பின் அடையாளம் அது.

கார்டியாலஜி டாக்டரிடம் போனில், "சார், 61 வயது ஆண், 14 வருடமாகச் சர்க்கரை..." என்று தொடங்கினேன். அறுவை சிகிச்சைத் தேதிக்கு வருவதற்குள், "காலையில் கால் புக் அனுப்புங்கள்" என்று வைத்துவிட்டார். கால் புக் என்பது வேறு துறை மருத்துவரை எழுதி அழைக்கும் நோட்டு. ஐந்து நிமிடம் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த ஐந்து நிமிடம் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆபரேஷன் தியேட்டரில் இருந்த பிஜி (மேற்படிப்பு) அக்கா, "வலது பக்க ஈசிஜியும் எடு. வயதையும் சர்க்கரையையும் கடைசியில் சொல்" என்று சொல்லி அனுப்பினார். மறுபடி அழைத்தேன். "சார், இன்ஃபீரியர் வால் எம்ஐ (இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு). பிரஷர் 90/60. வி4ஆரிலும் (வலது பக்க லீடு) எஸ்டி ஏறியிருக்கிறது. ஆம்புடேஷன் ஆகி ஆறு நாள், ஸ்ட்ரெப்டோகைனேஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி) போட்டால் ரத்தம் கசியுமோ என்று பயமாக இருக்கிறது. கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறை) தேவைப்படும். உடனே வந்து பாருங்கள்."

பத்து நிமிடத்தில் வந்தார். முதல் கேள்வியே, "நைட்ரேட் கொடுத்துவிட்டீர்களா?" இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். இதயத்தின் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கும்போது நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடலாம். பெரியவர் நேராகக் கேத் லேபுக்குப் போனார், பிழைத்தார்.

சீனியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே இரவில் எத்தனை வார்டிலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். நான் கார்டியாலஜி படித்தவளும் இல்லை. ஆனால் எஸ்டி ஏறியிருந்தால் ட்ரோபோனின் (மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேரம் அது நார்மலாகவே இருக்கலாம். பழைய ஈசிஜி இருந்தால் பக்கத்தில் வையுங்கள். அழைத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அவசரமில்லாதவற்றுக்குக் கால் புக் போதும். அதிலும் "கார்டியோ ஒப்பீனியன் தேவை" என்று மொட்டையாக எழுதாமல், "மர்மர் (இதயத்தில் கூடுதல் சத்தம்) கேட்கிறது, மயக்க மருந்து கொடுக்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்) வேண்டுமா?" என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த வார்டில் பெண் மருத்துவர்களின் ஓய்வறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தோம். பயிற்சி முடிந்து நான் வெளியே வந்த நாள் வரை, இரும்புக் கட்டிலைக் கதவோடு ஒட்டி இழுத்துப் போட்டுத்தான் படுத்தோம்.