அனிமேஷன் படிக்க ஆறு சனிக்கிழமை போதுமா?

கேள்வி: ரோஸ் ஹில் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். வயது 34. பிள்ளைகள் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள்; தமிழ் எழுத்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிறார்கள். விரல் பட்டால் அசையும் பாடங்களை இணையத்தில் செய்ய ஆசை. இணையப் பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டும் ஓரளவு தெரியும். எபேனில் 6 சனிக்கிழமை நடக்கும் ‘இடைநிலை அனிமேஷன்’ வகுப்பில் சேரலாமா? எனக்குக் கணக்கு வராது. ‘இந்த வயசில் எதுக்கு?’ என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, மொரீஷியஸ்

பதில்: சேருங்கள் அம்மா. வீட்டுக்காரரைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் எழுத்து திரையில் அசைந்ததும், போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் காட்டப் போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பாடத்திட்டம்தான் எனக்கு இடிக்கிறது. ஸ்க்ரோல் பண்ணினால் நகர்வது, முப்பரிமாணம், நிரல் எழுதிப் படம் வரையும் கேன்வாஸ் என்று வரிசையாகப் போகிறது. ஏழு கறியையும் இலையில் வைத்துவிட்டு, கை வைப்பதற்குள் இலையை மடிக்கிற கதை. இரண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை வேடிக்கை பாருங்கள். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாற்றும் சிஎஸ்எஸ் டிரான்சிஷன் ஒன்று, கோடுகளால் படம் வரையும் எஸ்விஜி ஒன்று.

இடைநிலை என்றால் என்ன? தானாக அசைவதைச் செய்யத் தெரிந்தால் தொடக்கநிலை. தொடுகிறவரின் விரலுக்குப் பதில் சொன்னால்தான் இடைநிலை. உங்கள் வகுப்புப் பிள்ளை ஒரு அட்டையைத் தட்டுகிறது, அட்டை அரை விநாடியில் திரும்ப வேண்டும். பிள்ளைக்கு ஏது பொறுமை? பாதி திரும்பும்போதே இன்னொரு தட்டு. எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் கீஃபிரேம் வைத்துச் செய்து, நடுவில் அதை எடுத்துவிட்டால், அட்டை படக்கென்று பழைய இடத்துக்குக் குதிக்கும். டிரான்சிஷன் வைத்திருந்தால், எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்தே திரும்பி வரும். முதல் நாளே ஆசிரியரிடம் கேளுங்கள்: “நடுவில் தட்டினால் என்ன ஆகும்?” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் செய்துகாட்டினால் நல்ல வகுப்பு.

கணக்குக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கின்றன. ஒவ்வொரு முறையும் திரையில் வருவது ஒரு படம்; அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி. மீதமுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு படத்திலும் நகர்த்துங்கள். வேகமாகக் கிளம்பி, மெல்லத் தேய்ந்து நிற்கும். இதற்கு வேண்டியது கழித்தலும் பெருக்கலும்தான். நகர்த்துவதற்கு சிஎஸ்எஸ்ஸின் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ பயன்படுத்துங்கள். இடத்தைக் குறிக்கும் ‘லெஃப்ட்’, ‘டாப்’ இரண்டையும் மாற்றிக்கொண்டே இருந்தால், பிரவுசர் பக்கத்தின் அமைப்பை ஒவ்வொரு தடவையும் மறுபடி கணக்குப் போடும். உங்கள் கணினியில் அது தெரியாது. பிள்ளையின் அம்மா வைத்திருக்கும் பழைய போனில் திக்கித் திணறும்.

வகுப்புக்குப் போகும்போது சொந்த வேலை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ‘அ’ போதும். விரல் போகப் போகக் கோடு வளர வேண்டும். எஸ்விஜியில் இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: கோட்டை விட்டுவிட்டு வரும் கோடாக்கி, ஒரு துண்டின் நீளத்தையும் இடைவெளியின் நீளத்தையும் முழுக் கோட்டின் நீளத்துக்குச் சமமாக வைத்து, பிறகு அதை மெல்ல நகர்த்துவது. பார்ப்பவருக்கு யாரோ எழுதுவது மாதிரி இருக்கும். ஆனால் எழுத்துருவிலிருந்து ‘அ’வை எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது அதன் விளிம்பு. பேனா போகும் நடுக்கோடு அதில் இருக்காது. சுழியில் தொடங்கி நீங்களே வரைந்துகொள்ள வேண்டும். கரும்பலகையில் தினமும் எழுதுகிற கைக்கு அது பெரிய வேலையா?

தமிழுக்கென்றே இன்னொரு குழி இருக்கிறது, நானே விழுந்தேன். ஒரு கோயில் விழா அழைப்புக்காக ‘வணக்கம்’ ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுகிற மாதிரி செய்தேன். பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதை 7 துண்டாக வெட்டிவிட்டது: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. எழுத்தில்லாத புள்ளிக்குக் கணினி தானாக ஒரு வட்டம் போடும்; புள்ளிகள் இரண்டும் ஆளுக்கொரு வட்டத்தின் தலையில் ஏறிக்கொண்டு தனியாக வந்து நின்றன. தர்மகர்த்தா “இது என்னப்பா, முட்டையா?” என்றார். ஜாவாஸ்கிரிப்டிலேயே ‘செக்மென்டர்’ என்று ஒன்று இருக்கிறது. அதை வைத்து வெட்டினால் நம் கணக்குப்படி 5 எழுத்து வரும். வகுப்பில் எல்லா உதாரணமும் ஆங்கிலத்தில் இருக்கும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜிசாப் என்ற அனிமேஷன் கருவியைக் காட்டுவார்கள். நல்ல கருவி, 2025-லிருந்து முழுக்க இலவசம். அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனாலும் பிரவுசரின் சொந்த வழியை முதலில் படியுங்கள். நான் ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருள் ஒன்றையே நம்பி வண்டி ஓட்டினேன். 2020 டிசம்பர் 31-ஓடு அதன் ஆதரவு நின்றது, நான் செய்து வைத்திருந்த பாடங்களும் அதோடு போயின.

அசைவு சிலருக்குத் தலைசுற்றல் தரும். அப்படிப்பட்டவர்கள் போனில் ‘அசைவைக் குறை’ என்று அமைத்து வைத்திருப்பார்கள்; சிஎஸ்எஸ்ஸில் இரண்டு மூன்று வரியில் அதை மதிக்கலாம். விநாடிக்கு 3 தடவைக்கு மேல் எதுவும் பளிச் பளிச்சென்று மின்னக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பார்க்கும் பக்கத்தில் இதில் விளையாட்டு வேண்டாம்.

பணம் கட்டுமுன் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். ஜனவரியில் தொடங்கினால் சைக்ளோன் காலம். எச்சரிக்கை வந்து ஒரு சனிக்கிழமை போனால் ஈடு செய்வார்களா? தைப்பூசக் காவடி விரதமும் அந்தச் சமயத்தில்தான் வரும். எப்படியும் ஒரு வாரம் நழுவும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வகுப்பில் உங்கள் ‘அ’ மட்டும் ஒழுங்காக எழுதினால் போதும். ‘ஆ’வுக்கு அந்தக் கடைசிச் சுழி ஒன்றுதானே கூடுதல்.