வாசகர் கேள்வி – பதில்: தலையில் முளைத்த பனை

கேள்வி: என் முகத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, கூந்தல் இருக்க வேண்டிய இடத்தில் பனை வட்டு (ஓலைகள் விரிந்த உச்சி) முளைத்திருப்பதுபோல், கொமிக்ஸ், பொம்மை போன்ற வெகுசனப் படிமங்களைக் கனவுபோல் கலக்கும் பொப் சர்ரியலிசப் பாணியில் தன்னுருவப் படமொன்றைக் கணினியில் செய்திருக்கிறேன். கண்களையும் பெரிதாக்கினேன். வட்டு ஒட்டிவைத்ததுபோலவும், முகம் பிளாஸ்டிக் பொம்மைபோலவும் தெரிகின்றன. எங்கே பிழை?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் முகம் வாசலோரத்து மாலை வெளிச்சத்தில், இடப்பக்கம் ஒளிவிழ எடுக்கப்பட்டிருக்கிறது, வட்டோ உச்சிவெயிலில் எடுக்கப்பட்டது. தலையில் பனை முளைத்ததைப் பார்ப்பவர் தயங்காமல் ஏற்றுக்கொள்வார். ஒரே தலையில் இரு திசைகளிலிருந்து வெயில் விழுவதை அவருடைய கண் ஏற்காது. இன்னொன்று, உயர்ந்த பனையை நிலத்தில் நின்று எடுத்ததால் ஓலைகளின் அடிப்பக்கமே தெரிகிறது. ஆகவே, உங்கள் தலையுயரமுள்ள வடலியொன்றைத் தேடி, முகத்தை எடுத்த அதே நேரத்தில், அதே பக்கம் ஒளிவிழ, கண்மட்டத்தில் எடுங்கள்.

நெற்றியும் மட்டையும் சேருமிடத்தைக் கூரிய கோடாக வெட்டாமல், மட்டையடியிலுள்ள பன்னாடையைத் தனியாகப் படமெடுத்து, அதன் நார்களை உங்கள் மயிர்க்கால்களுக்குள் லேயர் மாஸ்க்கினால் (படத்தின் ஓர் அடுக்கில் வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கும் வசதி) மெல்லக் கரையவிடுங்கள். தோலும் மரமும் ஒன்றாவதற்கு இதைவிட நல்ல பொருள் நம் வளவுகளில் இல்லை. பின்னர், கீழுள்ள நிறத்தை இருளாக்கும் மல்டிப்ளை முறையிலுள்ள புதிய லேயரில், ஓலையின் நிழலை நெற்றியில் வரையுங்கள். அதற்குக் கறுப்பு வேண்டாம். உங்கள் கழுத்து நிழலின் கபில நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலே கறுப்பு வெள்ளை லேயரொன்றை வைத்துப் பார்த்தால், பொருந்தாத இருளும் வெளிச்சமும் உடனே தெரிந்துவிடும்.

கண்களைப் பொறுத்தவரை, விழியை மட்டும் இழுத்துப் பெரிதாக்கியதால்தான் முகம் பொம்மையாகிவிட்டது. இமை, கண்குழி, புருவம் ஆகியவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கி, நெற்றியைச் சற்று உயர்த்துங்கள். விழிக்குள் தெரியும் ஒளிப்புள்ளி இடப்பக்கத்திலேயே இருக்கட்டும். தோலை மங்கலாக்கித் துளைகளை அழிக்காதீர்கள். 50% சாம்பல் நிற லேயரைச் சொஃப்ட் லைட் முறையில் (சாம்பல் தெரியாது, அதில் தீட்டும் வெளிறலும் இருளும் மட்டும் கீழே படியும்) வைத்து, மேடுகளை வெளிறவும் பள்ளங்களை இருளவும் தீட்டினால், துளைகள் அழியாமலே ஓவியத்தின் திரட்சி வரும்.

லொஸ் ஏஞ்சல்ஸில், பெரிய வெளியீட்டாளர்களுக்கு வெளியே வந்த ‘அண்டர்கிரவுண்ட்’ கொமிக்ஸ், பந்தயக் கார் அலங்காரம், பங்க் இசை ஆகியவற்றோடு வளர்ந்தது பொப் சர்ரியலிசக் கலை. அதன் முன்னோடி ரொபேட் வில்லியம்ஸ் 1994இல் ஜக்ஸ்டபோஸ் என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். இப்பாணி ஓவியர் மார்க் ரைடன் பெருங்கண் சிறுமிகளுக்கு அருகே இறைச்சித் துண்டுகளையும் ஆபிரகாம் லிங்கனையும் வரைந்தது அவர் வளர்ந்த நாட்டின் பொருள்களைக் கொண்டுதான். உங்கள் படத்தின் மூலையிலிருக்கும் கேக்கும் முயல் பொம்மையும் அவரிடமிருந்து வந்தவை, அவற்றை நீக்கிவிடுங்கள். பனையைத் தேர்ந்த உங்கள் மனம், அந்த மூலைக்கும் நந்திக்கடல் இறாலையோ வேலியில் வந்திருக்கும் மயிலையோ தேடட்டும். ஒன்று போதும்.

கேள்வி: போட்டோஷொப்புக்குப் பணம் கட்ட வசதியில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், மாங்குளம்

பதில்: உண்டு. கிம்ப் இலவசமானது, கணினியில் நிறுவியபின் இணையம் தேவையில்லை. ஃபோட்டோபீ உலாவியிலேயே இயங்கும். மேலே சொன்ன லேயர், மாஸ்க், மல்டிப்ளை மூன்றும் இரண்டிலும் இருக்கின்றன. 1857இல் புகைப்படக் கலைஞர் ஒஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கியபோது, அவரிடம் இருட்டறை மட்டுமே இருந்தது. A4 அளவில் தெளிவாக அச்சிட விரும்பினால், தொடக்கத்திலேயே 2480க்கு 3508 பிக்சல் அளவில் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள்.