பூனை சாப்பிட மறுக்கிறது, அடிக்கடி வாந்தியும் எடுக்கிறது. வீட்டிலேயே சரி செய்யலாமா?

நான்கு வயது ஆண் பூனை, கருத்தடை செய்தது, ஐந்தரை கிலோ எடை, நேற்றுக் காலையிலிருந்து ட்ரை ஃபுட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது, வாரத்துக்கு இரண்டு தடவை வாந்தியும் எடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. குட்டிக்கு 12 மணி நேரமே அதிகம்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், நாய் தாங்கும் பட்டினியைப் பூனையின் கல்லீரல் தாங்காது. உணவு நின்றதும் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வருகிறது. அதைச் சமாளிக்க முடியாமல் கல்லீரலிலேயே கொழுப்பு தேங்கிவிடும். கல்லீரல் கெட்டால் குமட்டல் வரும், குமட்டல் வந்தால் பூனை இன்னும் சாப்பிடாது. காதின் உள்பக்கமும் ஈறும் மஞ்சளாகும்போது நோய் முற்றியிருக்கும். குண்டுப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ‘சதை இருக்கிறது, இரண்டு நாள் தாங்கும்’ என்று நினைப்பதுதான் பெரிய தவறு. தினமும் பாதி அளவுதான் சாப்பிடுகிறது என்ற நிலை பல நாள் நீடித்தாலும் இதே சிக்கல் வரலாம்.

கிளம்புவதற்கு முன் மணல் தட்டைப் பாருங்கள். சிறுநீர் பட்டு உருண்ட மணல் கட்டிகள் வழக்கம்போல இருக்கின்றனவா? ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். அடைபட்ட பூனை திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போய்க் குந்தும், முக்கும், கத்தும், அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டு சொட்டு வரும், அல்லது ஒன்றுமே வராது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். இந்த அறிகுறி இருந்தால் நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வயிற்றை அழுத்தியும் பார்க்காதீர்கள், உப்பியிருக்கும் சிறுநீர்ப்பை கிழிந்துவிடக்கூடும்.

சிறுநீர் சரியாகப் போகிறது, பூனையும் சுறுசுறுப்பாக இருக்கிறது, ஒரு வேளை மட்டும்தான் தவறியது என்றால் வீட்டில் செய்து பார்க்கச் சில வழிகள் உண்டு. பூனை மணத்தை வைத்துத்தான் சாப்பிடும். பவுச் உணவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, வெந்நீர் இரண்டு தேக்கரண்டி கலந்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டால் இளஞ்சூடாகத் தெரியும் பதத்தில் வையுங்கள். மீசை இடிக்காத அகலத் தட்டு நல்லது. அரை மணி நேரத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், கண் முன்னே காய்ந்துகொண்டிருக்கும் உணவு வெறுப்பைத்தான் வளர்க்கும். மூக்கு அடைத்திருந்தால் மணம் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஆசையாக வந்து, ஒரு வாய் கடித்துக் கீழே போடுகிறது, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மெல்லுகிறது என்றால் பல்லிலோ ஈறிலோ வலி. உதட்டைத் தூக்கினால் பல்லோரம் சிவப்புக் கோடு தெரியலாம்.

சிரிஞ்சில் ஏற்றி வாயில் திணிப்பதை மருத்துவர் சொல்லாமல் செய்ய வேண்டாம். உணவு நுரையீரலுக்குள் போகலாம். குமட்டலோடு இருக்கும்போது திணித்தால், குணமான பிறகும் அந்த உணவைப் பூனை தொடாது. பூனைக்குப் பிடித்த உணவில் மருந்தைக் கலந்து ஏமாற்றுவதிலும் இதே கேடு உண்டு.

வாந்திக்கு வருகிறேன். சாப்பிட்டுச் சில நிமிடங்களில், மெல்லாத ட்ரை ஃபுட் அப்படியே நீளமாக வெளியே வந்தால் அவசரமாக விழுங்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். நாளின் அளவை நான்கைந்து வேளையாகப் பிரித்து, அகலமான தட்டில் பரப்பி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். முடி உருண்டை எப்போதாவது வருவது இயல்பு. தினமும் சீவிவிட்டால் குறையும். குனிந்து, கழுத்தை முன்னே நீட்டி இருமுகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். அதை வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் பல வாரமாக என்றால், ‘பூனை என்றால் அப்படித்தான்’ என்று விடக் கூடாது. உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி, சிறுநீரக நோய் என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. வயதான பூனை நிறையச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

திடீரென்று வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும் பூனையின் நாக்கின் அடியைப் பாருங்கள். நூலை விழுங்கியிருந்தால் அது அங்கே சுற்றிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போயிருக்கலாம். வாயிலோ மலவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

வயிற்றுப்போக்குக்கு அடிக்கடி காரணமாவது பாலும் திடீர் உணவு மாற்றமும்தான். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. புது உணவை முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு, அடுத்து பாதி, பிறகு முக்கால் என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். வால் அடியில் அரிசி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் வரும், எனவே தெள்ளுக்கும் சேர்த்து மருந்து போடாவிட்டால் புழு திரும்ப வரும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பூனைக்கு எடையும் ஒரு பிரச்சினை போலத் தெரிகிறது. கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 200 முதல் 240 கிலோ கலோரி போதும். ட்ரை ஃபுட் 100 கிராமில் 380 கிலோ கலோரி இருந்தால் அது ஏறத்தாழ 53 முதல் 63 கிராம்தான். கப்பால் அளந்தால் கூடிக் குறையும், தராசில் எடை போடுங்கள். பூனை குணமாகி நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகே எடையைக் குறைக்கப் பாருங்கள். அப்போதும் வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐந்தரை கிலோ பூனைக்கு 55 முதல் 110 கிராம். வேகமாக இளைத்தால் முன்பு சொன்ன கல்லீரல் கோளாறே வந்து நிற்கும். ஒரு பங்காவது ஈர உணவாக மாற்றுங்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், ட்ரை ஃபுட்டில் பத்து சதவீதம் அளவுக்குத்தான். சிறுநீர்ப்பாதைக்கு அந்தத் தண்ணீர் தேவை.

வெறும் வேகவைத்த இறைச்சியையே முழு உணவாக்குவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. கால்சியம் போதாது. டாரின் என்ற சத்து வேகவைத்த நீரோடு போய்விடும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத்தசை தளரும். நாய் உணவும் இதனாலேயே ஆகாது.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். நாய்க்கான பெர்மெத்ரின் தெள்ளு மருந்து, வெங்காயம், பூண்டு எல்லாம் நஞ்சு. லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சிறுநீர் போன நேரம், வாந்தியின் படம், உணவுப் பையின் லேபிள் படம் எல்லாம் கொண்டு போங்கள். தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 30-ஐத் தாண்டினால் உள்ளே போனதும் அதையே முதலில் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். கூடையைத் துணியால் மூடி, ஆட்டாமல் தூக்கிச் செல்லுங்கள்.