டிரிப்ஸ் பாட்டில் குறைந்தால் கவனிப்பு குறைந்ததாக அர்த்தமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. பெருங்குடலில் உள்ள கட்டியை அடுத்த மாதம் அறுவை செய்து எடுக்கப் போகிறார்கள். மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம், மறுநாளே டிரிப்ஸை எடுத்துவிடுவோம் என்கிறார் டாக்டர். முன்பு இதே அறுவை செய்துகொண்ட பெரியப்பாவுக்கு ஐந்து நாள் குளுக்கோஸ் ஏறியது. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அப்பாவின் உடம்பு இதைத் தாங்குமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: தாங்கும்; பெரும்பாலானோருக்கு அதுவே நல்லது. தண்ணீர் இரைப்பையிலிருந்து விரைவாக இறங்கிவிடுவதால் அந்த 2 மணி நேர இடைவெளி போதுமானது. ஆனால் பால் கலந்த காபி தண்ணீரில் சேராது. உணவைப் போலவே அதற்கும் 6 மணி நேரம் வேண்டும்.

குளுக்கோஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாட்டில் பல நேரங்களில் உப்பு நீர்தான். நார்மல் சலைன் எனப்படும் அந்த உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. மூன்று லிட்டர் ஏற்றினால் 27 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அறுவை நடந்த உடம்போ உப்பையும் நீரையும் எளிதில் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சும் நீர் காலில் மட்டுமல்லாமல் குடல் சுவரிலும் கோத்துக்கொள்ள, குடல் மந்தமாகி வாயு பிரிவதும் மலம் கழிவதும் தள்ளிப்போகின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 20 நோயாளிகளிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், உப்பும் நீரும் அளவாகப் பெற்றவர்கள் 6 நாட்களிலும், வழக்கம்போல் தாராளமாகப் பெற்றவர்கள் 9 நாட்களிலும் வீடு திரும்பினார்கள்.

அதற்காக உடம்பை வறள விடுவதும் தவறு. பெரிய வயிற்று அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 3,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நீரை மிகவும் குறைவாகப் பெற்றவர்களில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது; தாராளமாகப் பெற்றவர்களில் அது 5 சதவீதம். ஆகவேதான் செவிலியர் குழாய் வழியே பையில் சேரும் சிறுநீரை அளந்து குறித்துக்கொள்கிறார். தினமும் எடை பார்ப்பதும் அதற்கே. எடை இரண்டே நாளில் மூன்று கிலோ கூடினால், அது சதையல்ல, தேங்கிய நீர்.

அப்பாவுக்கு இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அளவுகள் மாறும். அறுவைக்குப் பின் அவர் எத்தனை டம்ளர் குடித்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மேற்கொண்டு குடிக்கக் கொடுக்காமல் உடனே பணியில் உள்ள டாக்டரிடம் தெரிவியுங்கள். தேவைப்பட்டால் அவர் டிரிப்ஸை மீண்டும் தொடங்குவார்.