கால்நடைப் பிசியோதெரபி: சான்றிதழுக்கு முன்னே கைப்பழக்கம்

கேள்வி: பாளையங்கோட்டையில் நாய், பூனை பார்க்கும் தனியார் கிளினிக்கில் ஐந்து வருடமாக உதவியாளராக இருக்கிறேன். பிளஸ் டூ படித்திருக்கிறேன். ஊசி போடப் பிடித்துக்கொடுப்பது, டிரிப் பார்ப்பது, கட்டு மாற்றுவது எல்லாம் பழக்கம். விலங்குப் பிசியோதெரபிக்கு ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பு என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். அதில் சேர்ந்தால் வீடு வீடாகப் போய்த் தனியாகச் செய்யலாமா? எங்கள் ஊர் மானூர்ப் பக்கம். அங்கே மாடுகளுக்கும் இந்தப் படிப்பு உதவுமா?

பதில்: தனியாகச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 30-வது பிரிவில், வைத்தியம் பார்க்கும் உரிமையைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்குத்தான் கொடுக்கிறது. மாநில அரசு ஆணையிட்டு அனுமதித்தவர்கள் சிறு சிகிச்சைகளைச் செய்யலாம், அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில். பிரிட்டனில் கால்நடை நர்ஸ் என்பது பதிவேடு உள்ள தொழில். நமக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அங்கேயும் மருத்துவர் விலங்கைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் கை வைக்கிறார்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு வருகிற நாய்க்குத் தண்டுவடத்தில் அடியா, இடுப்பெலும்பு முறிவா என்று தெரியாமல் காலை நீட்டி மடக்கினால், விலகிய எலும்பு இன்னும் விலகும்.

ஆனால் டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த பயிற்சியைச் சரியாகச் செய்து, வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கிற ஆள் நம் பக்கத்தில் மிகவும் குறைவு. அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்த நாய்க்குட்டிக்குக் கட்டுப் போட்டு, காலை நீட்டியபடியே மூன்று நான்கு வாரம் விட்டுவிட்டால், தொடைத் தசை சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். எலும்பு நன்றாகக் கூடியிருக்கும், கால் மட்டும் கட்டைபோல விறைத்து நிற்கும். பிறகு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அது முழுதாகத் திரும்புவது அரிது. அந்தச் சில வாரங்களில் நிதானமான கை ஒன்று இருந்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று நான் வருந்திய குட்டிகள் பல.

கை மட்டும் இருந்தாலும் போதாது. பல வருடங்களுக்கு முன், ஒரு ராஜபாளையம் நாய்க்குத் தொடையில் கம்பி வைத்துவிட்டு, சீட்டில் 'பிசியோ கொடுக்கவும்' என்று மட்டும் எழுதினேன். எத்தனை தடவை, எவ்வளவு தூரம் மடக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதவில்லை. உதவியாளர் மிகுந்த அக்கறையோடு, நாய் கத்தக் கத்த மடக்கியிருக்கிறார். கம்பி நகர்ந்து, மறுபடியும் ஆபரேஷன். பிழை என்னுடையது. அதனால்தான் சொல்கிறேன், அளவு எழுதாத சீட்டை உங்கள் டாக்டர் கொடுத்தாலும் மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள்.

கற்க வேண்டியதில் முதலாவது கண். நாய் நடப்பதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் செல்போனில் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எந்தக் கால் தரையில் குறைந்த நேரம் நிற்கிறது என்பது பிடிபடும். தையற்காரர் டேப்பால் இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதை அளக்க கோனியோமீட்டர் என்ற எளிய கருவி இருக்கிறது. நல்ல லாப்ரடாரின் பின்னங்கால் முட்டி சுமார் 42 டிகிரி வரை மடங்கும், 162 டிகிரி வரை நீளும். எண் இல்லாமல் 'தேறி வருகிறது' என்று சொன்னால் அது ஆசை மட்டுமே.

அடுத்தது கை. நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. முதல் இறுக்கம் தட்டுப்படும் வரை மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்ட வேண்டும். பொதுவாக 10 முதல் 15 தடவை, நாளைக்கு மூன்று வேளை. உதட்டை நக்கினாலோ, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தாலோ, தசை கல்லானாலோ அங்கேயே நிறுத்துங்கள். அடிபட்ட முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம், வீக்கம் வடிந்த பிறகே இளஞ்சூட்டு ஒத்தடம். உணர்ச்சி அற்ற காலுக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் கத்தாது. உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்காமல் வைக்கவே கூடாது. தைலம் தேய்க்கச் சொல்லும் ஆச்சிமார் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். நாய் அதை நக்கிவிடும், அதில் இருக்கும் கற்பூரம் அதற்கு நஞ்சு என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

இயந்திரம் ஓட்டுவதைவிடப் படுத்த உயிரைப் பேணத் தெரிவது பெரிய வித்தை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. முழங்கையிலும் இடுப்பு முட்டிலும் படுக்கைப் புண் சீக்கிரம் வந்துவிடும். கனத்த மெத்தை போட்டு, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். பின்பாதி செயலிழந்த நாயின் படுக்கை நனைந்திருந்தால் 'மூத்திரம் நன்றாகப் போகிறது' என்று வீட்டார் சொல்வார்கள். பெரும்பாலும் மூத்திரப்பை நிரம்பி வழிந்த ஈரம்தான் அது. நாளைக்கு மூன்று நான்கு முறை அமுக்கி வெளியேற்றும் முறையை டாக்டர் கையைப் பார்த்துத்தான் பழக வேண்டும், வீடியோ பார்த்துப் பழகக் கூடாது.

தண்ணீரில் நடத்தும் பயிற்சிக்கு டிரெட்மில் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. தன் பின்னங்கால் முட்டி உயரத் தண்ணீரில் நாய் தன் எடையில் சுமார் 85 சதவீதத்தைக் காலில் தாங்குகிறது. இடுப்பு உயரத்தில் அது 38 சதவீதமாகக் குறைகிறது. தாமிரபரணியில் இழுப்பில்லாத படித்துறை ஓரத்தில், நாயின் இடுப்பளவுத் தண்ணீரில், இரண்டு பேர் பிடித்து ஐந்து நிமிடம் நடத்தினால் நல்ல பயிற்சி. தையல் பிரித்து, புண் காய்ந்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் இறக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

மாட்டுக்கு வருவோம். மானூர்ப் பக்கத்தில் எனக்கு வந்த போன்களில் பாதி, 'சார், கன்னு போட்ட மாடு எந்திரிக்க மாட்டேங்கு' என்பதுதான். கால்சியம் குறைவா, கன்று இழுத்தபோது நரம்பு நசுங்கியதா என்று டாக்டர் வந்து பார்க்க வேண்டும். அவர் வரும் வரையும், வந்து போன பிறகும் உள்ள நேரம் உங்களுடையது. கடினமான தரையில் ஒரே பக்கமாகப் படுத்த மாட்டின் தொடைத் தசையும் நரம்பும் 6 முதல் 12 மணி நேரத்திலேயே அதன் சொந்த எடையால் கெட ஆரம்பிக்கும். கால்சியம் ஏறியும் மாடு எழாமல் போவதற்கு இது பெரிய காரணம். சிமெண்ட் தொழுவிலிருந்து மாற்றி, ஒரு அடி உயரத்துக்கு மணலோ, பிசானப் பருவத்து வைக்கோலோ பரப்புங்கள். நெஞ்சு ஊன்றி உட்கார வைத்து, சாயாமல் வைக்கோல் மூட்டையை அண்டை கொடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, பக்கம் மாற்றுங்கள். எழும்போது பின்னங்கால்கள் அகன்று விழுந்தால், இரண்டையும் இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டு மெத்தென்ற கயிற்றால் பிணைத்துவிடலாம். டிராக்டரில் கட்டித் தொங்கவிட மட்டும் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். படுத்துவிட்ட பெரிய உடம்புக்கு அதன் எடையே எமன். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானை படுத்து எழ முடியாமல் போனபோது ஊரே அதைக் கண்ணால் பார்த்தது.

இனி அந்த விளம்பரம். யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், உயிருள்ள விலங்கின் மேல் எத்தனை மணி நேரம் கை வைக்க விடுவார்கள், உங்கள் கையைத் திருத்த ஒரு மருத்துவர் பக்கத்தில் இருப்பாரா என்று எழுதிக் கேளுங்கள். 'முடித்ததும் தனியாகத் தொழில் செய்யலாம்' என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தின் நாய் மறுவாழ்வுச் சான்றிதழ்ப் படிப்பு மருத்துவர், கால்நடை டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் என்று தகுதி பார்த்தே சேர்க்கிறது. அங்கேயும் நேரடிப் பயிற்சி உண்டு. பாடம் மட்டும் ஆன்லைனில் படிப்பதில் தவறில்லை, உடற்கூறு தெரிந்துகொள்ள அது உதவும்.

அதைவிடப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உங்கள் டாக்டர் ஏதாவது நாயை அனுப்பினால், அனுமதி கேட்டு நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். மனிதர்களுக்குப் பிசியோ பார்ப்பவர் யாராவது தெரிந்திருந்தால், மூட்டைப் பிடிக்கும் முறையை உங்கள் கையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பது உங்கள் உடம்பில் பட்டால்தான் புரியும். அடுத்து கிளினிக்குக்கு வரும் கால் முறிந்த நாயின் இரண்டு தொடைகளையும் முதல் நாளே அளந்து, தேதி போட்டு, டாக்டர் மேசையில் வையுங்கள்.